வீரன் வரட்டும்

குளிப்பாட்டக் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தைப் பாஞ்சாலை வாசலிலேயே கைகாட்டி நிறுத்தினாள்.

"இப்ப வேணாம். அந்தாண்ட எறக்கி வை."

குடத்தை இடுப்பில் வைத்திருந்த நாத்தனார் காசியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல், பந்தலுக்கடியில் நின்றிருந்த பெரிய அண்ணன் அருணாச்சலத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்திருந்தார். மேளக்காரர்கள் வந்து வேப்பமரத்தடியில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாடைக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. பக்கத்துத் தெரு நெசவுக்காரர்கள்கூடச் சாவு போகும் வழி என்று, காலையில் தெருவில் நீட்டிய பட்டுநூல் பாவைச் சீக்கிரமே சுருட்டி எடுத்துவிட்டார்கள்.

உள்ளே பெஞ்சின் மேல் தருமன் கிடந்தான். பாஞ்சாலையின் புருஷன். நாற்பத்தொன்பது வயது. வழக்கமாக ஏழு மணிக்குச் சவரம் செய்கிறவன், அன்று விடியும்போதே கண்ணாடியைச் சன்னலில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதினொரு மணிக்கு ரைஸ்மில்லுக்குப் போய்ப் போன் பக்கத்தில் உட்கார வேண்டும், மெட்ராஸிலிருந்து டிரங்க்கால் வரும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஓர் ஆளை அழைத்துவர வேண்டும் என்று முந்தின நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்தில் நுரையோடு, "பாஞ்சால, ஒரு மாதிரியா கீது" என்றான். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தான். மீதிக் கன்னத்தை நாவிதர் வந்துதான் முடித்தார்.

அருணாச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயில் ஏறுகிறது, வந்த சனம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டார்.

"இன்னிக்கி அந்த வீரன் கேசு, மாமா. வக்கீலு சாயங்காலம் அந்தப் புள்ளைய இட்டுகினு வந்துருவாரு. அவன் மொகத்தப் பாக்கணும்னு இவரு மூணு மாசமா சொல்லிகினு இருந்தாரு. இவரு பாக்க முடியாது. அவனாவது வந்து பாக்கட்டும்."

அருணாச்சலத்துக்குக் கோபம் வந்தது. யாரென்றே தெரியாத ஒரு கஞ்சாக்காரனுக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது எந்த ஊர் முறை என்றார். ஜட்ஜு விடவில்லையென்றால் என்ன செய்வாய் என்றார். தருமனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். பன்னிரண்டுக்கு எடுக்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று கடைசியில் அதையும் சொல்லிவிட்டார்.

பாஞ்சாலை குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கி அந்தப் பேப்பர்ல நீங்களும் நானும்தான் கையெழுத்துப் போட்டோம், மாமா. என்னா எழுதியிருக்குதுன்னு ரெண்டு பேரும் படிக்கல. அதுக்கு அவரு பதினாலு மாசம் உள்ள கெடந்தாரு. நாம ஒரு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருக்கக் கூடாதா?"

அருணாச்சலம் கிளம்பிப் போகவில்லை. பந்தல்காலுக்குப் பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தருமனுக்குப் பாஞ்சாலையைக் கட்டியதே பெயர்ப் பொருத்தத்துக்காகத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அக்கினி வசந்தத் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போதெல்லாம் யாராவது அவனை இழுத்துவைத்து, சூதாட்டத்தில் பெண்டாட்டியை வைத்துவிடாதே என்று கேலி பேசுவார்கள். அவன் சூதாடவில்லை. ரைஸ்மில் லாரியில் அரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் நாக்பூருக்கும் போய்வந்தான். தூங்காமல் வண்டி ஓட்ட வழியோர டீக்கடைகளில் அபின் கிடைத்தது. முதலில் டீயில் கொஞ்சம். பிறகு டீ இல்லாமலே. ஐந்தாவது வருஷம் புளியமரத்தில் லாரியை மோதினான். வேலை போயிற்று. அண்டாவும் தவலையும் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. ஒரு நாள் அவள் தாலியில் கை வைத்தான். மறுநாள் அருணாச்சலம் வாடகைக் கார் கொண்டுவந்தார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். மலையடிவாரத்தில் ஒருவர் நடத்திய குணமாக்கும் இல்லம். போதை எதுவானாலும் மறக்கடித்துவிடுவார்கள் என்று கேள்வி. இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை உள்ளே அழைத்துப்போனார்கள். ஒரு மாதத்தில் வந்து பார்க்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் போனபோது அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் போனபோது, பார்த்தால் அவனுக்குப் பழைய நினைவு வந்துவிடும் என்றார்கள்.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு முறை அவள் வாசலில் கெஞ்சி நிற்காமல் வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நிலக்கடலைக் கொல்லையில் பதினைந்து இருபது பேர் வரிசையாகக் குந்தி, கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் தருமன் இருந்தான். உடம்பு தேறியிருந்தது. கண் தெளிந்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டான். கூப்பிடவில்லை, கையை அசைக்கவில்லை. உட்கார்ந்தபடியே வலது காலைச் சற்றுத் தூக்கிக் காட்டினான். கணுக்காலிலிருந்து சங்கிலி தொங்கியது.

முன்பக்கம் ஓடிவந்து, அவருக்குத்தான் குணமாகிவிட்டதே, அனுப்புங்கள் என்றாள். நாங்கள் சொல்லும்போதுதான் குணம் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று காகிதத்தைக் காட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அது குடும்ப விஷயம் என்றார்கள். அருணாச்சலம், இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், வெளியே வந்தால் மறுபடி தின்பான் என்றார்.

ஆரணி கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் பவுல்துரை என்ற இளம் வக்கீல் புதிதாகப் போர்டு மாட்டியிருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"யாரோட உத்தரவுல வெச்சிருக்காங்க? எந்த டாக்டர் பாக்குறாரு? எத்தினி நாளைக்கு?"

உத்தரவு எதுவும் இல்லை. டாக்டர் யாரையும் அவள் பார்த்ததில்லை. எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. பவுல்துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கொலை பண்ணவனைப் புடிச்சாகூட மறுநாள் மேஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும்மா. அவன் ஜாமீன் கேக்கலாம். அபின் தின்னவனுக்கு அதுகூட இல்லியா? உங்க வீட்டுக்காரர் நோயாளி. கைதி இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டதால அவர் கைதி ஆயிட மாட்டாரு."

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்றார். ஆளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்து என்று கோர்ட்டு சொல்வது என்று அர்த்தமும் சொன்னார். அந்த அர்த்தம் பாஞ்சாலைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனுவைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஹைகோர்ட்டில் ஜட்ஜு தருமனைக் கூண்டில் ஏற்றவில்லை. பக்கத்தில் வரச் சொல்லி, எங்கே போக விரும்புகிறாய் என்று தமிழிலேயே கேட்டார். தருமன் திரும்பிப் பாஞ்சாலையைப் பார்த்தான். எங்கே வேண்டுமானாலும் போகிறேன், அவளோடு மட்டும் போகமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்தாள்.

"ஊட்டுக்குத்தாங்க. அவகூட," என்றான். அதோடு நிற்கவில்லை. "ஆனா அங்க இன்னும் பதினேழு பேரு கீறாங்க, ஐயா."

ஜட்ஜு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லி அழுதாள். தருமன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ரெண்டாவதா போட்ட கையெழுத்து நல்லா இருந்துச்சு" என்றான். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு அவர்கள் பேசியதே இல்லை.

மில் முதலாளி உள்ளூர் லாரியைக் கொடுத்தார். ஆறு வருஷமாகத் தருமன் அபினைத் தொடவில்லை. ஆனால் எங்கே எவனைப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் லாரியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவான். வாசலில் நின்று அந்த மூன்று கேள்வியையும் கேட்பான். பதில் வராவிட்டால் பவுல்துரையிடம் வருவான். வைத்தியம் வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை. கண்ணமங்கலத்து ஆள் ஒருவர் தானாக வந்து குடியை விட வேண்டும் என்று கேட்டபோது, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் கூடவே இருந்தான். நினைத்தபோது நீ எழுந்து போகலாம் என்று அந்த ஆளிடம் தினமும் சொன்னான். அந்த ஆள் போகவில்லை. வைத்தியம் வேற, பூட்டு வேற என்பான் தருமன்.

வீரன் தேசூர்க்காரன். கஞ்சாப் பழக்கத்துக்காகச் சித்தப்பன்மார் அவனை வேறொரு இல்லத்தில் விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் அம்மா சின்னபொண்ணு யாரோ சொல்லித் தருமனைத் தேடி வந்தாள். தருமன் அவளோடு மூன்று முறை போனான். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. போன வாரம் ஹைகோர்ட்டு, வியாழக்கிழமை ஆளைக் கொண்டுவா என்று சொல்லியிருந்தது. பவுல்துரையும் சின்னபொண்ணும் முந்தின நாள் சாயங்காலமே மெட்ராஸுக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். தருமன் செத்தது அவர்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டரை மணிக்குப் பெரணமல்லூர் பஸ்ஸில் வந்தவர்கள் தெருக்கோடியில் திரும்பினார்கள். ஒன்பது பேர். அந்தப் பதினேழு பேரில் மில் லாரிக்காரர்கள் மூலமாகச் சேதி கிடைத்தவர்கள். முன்னால் இருதயசாமி வந்தார். கொத்தனார். பெரிய உடம்பு. வந்த வேகத்தில் தருமனின் காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலில் வந்து உட்கார்ந்தார்.

இவர்கள் யார் என்று காசியம்மாளின் மாமியார் விசாரித்தாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல இருதயசாமி சொல்ல ஆரம்பித்தார்.

கோர்ட்டு ஆள் தருமனோடு வந்து எல்லாருடைய பூட்டையும் திறந்தபோது, இருதயசாமியின் பூட்டுக்கு மட்டும் சாவி இல்லை. தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அதற்காக அங்கே உட்கார்ந்திருக்க முடியுமா? சங்கிலியைத் தோளில் சுற்றிக்கொண்டு கண்ணமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் பார்த்தார். சங்கிலி பத்துக் கிலோவுக்குக் குறையாது, லக்கேஜ் டிக்கெட் எடு என்றார்.

"எங்க தருமண்ணன் என்னா சொன்னாரு தெரியுமா? இது லக்கேஜ் இல்லீங்க, கோர்ட்டு சாட்சி, இதுக்கு நீங்கதான் சீட்டு குடுக்கணும்னாரு. கண்டக்டரு நெசமாவே எழுந்து எடம் குடுத்துட்டாரு. சங்கிலிய சீட்ல வெச்சிட்டு நான் நின்னுகினு வந்தேன்."

பந்தலில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று அதட்ட வந்த காசியம்மாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கண்ணமங்கலத்துக் கொல்லர் சங்கிலியை வெட்டிவிட்டதும் எல்லாரும் ஓட்டலுக்குப் போனதையும், என்ன வேண்டும் என்று சர்வர் கேட்டபோது பதினேழு பேரில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியாமல் முழித்ததையும், தருமன் எல்லாருக்கும் மசால் தோசை சொன்னதையும் இன்னொருவர் சொன்னார். பாஞ்சாலை தருமனின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தோசைக் கதையை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டு மணி தாண்டிப்போனதை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அருணாச்சலம் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மில் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினார். மெட்ராஸிலிருந்து போன் வந்திருந்தது. தருமனைக் கூப்பிடச் சொல்லிப் பவுல்துரை கேட்டாராம். இவர் சேதியைச் சொன்னாராம். லைன் போய்விட்டது என்று இவர் வைக்கப்போகும்போது, "உட்டாச்சுன்னு சொல்லுங்க. ஜட்ஜு பையனை உட்டாச்சு. பஸ் புடிச்சி வந்துகினே இருக்கோம்" என்றாராம்.

கணக்குப்பிள்ளை இதைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் பாஞ்சாலையைப் பார்த்தார்கள். அவள் தருமனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

அருணாச்சலம் நாற்காலியை விட்டு எழுந்தார். தெருவில் இறங்கி மேளக்காரர்களிடம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று காசியம்மாள் பயந்தாள். அவர், சாயங்காலம்தான் எடுக்கப்போகிறோம், அதுவரைக்கும் சும்மா ஏன் நிற்கிறீர்கள், அடிங்கள் என்றார். ஒன்பது பேருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். தப்பு முழங்கியதும் இருதயசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். அவருக்கு ஆட்டமே வரவில்லை. அந்த உடம்போடு இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குதித்தார். தெருவே கூடிவிட்டது.

ஐந்து மணி பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். பவுல்துரை கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தார். சின்னபொண்ணு மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வீரனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மொட்டைத் தலை. வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். கணுக்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மேளம் தானாக நின்றது.

உள்ளே அழைத்துவந்து, இவர்தான் தருமன் என்று பவுல்துரை காட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று வீரனுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தான். பிறகு காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவன் அப்படியே நின்றான். தருமனின் வலது கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டதுபோல ஒரு பழைய தழும்பு இருந்தது. வீரன் அதன் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

"எனுக்காகவா காத்துகினு இருந்தாரு?" என்றான்.

"மூணு மாசமா," என்றாள் பாஞ்சாலை.

காசியம்மாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது பங்காளிகள் முடித்ததும் அருணாச்சலம் தட்டை வீரனிடம் நீட்டினார். வீரன் பின்வாங்கினான்.

"போடுப்பா," என்றார் அவர். "நான் போட்டதவிட நீ போட்டாத்தான் அவன் தின்னுவான்." சொல்லும்போதே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று அவர் அழுது பாஞ்சாலை பார்த்தது அப்போதுதான்.

பாடையின் முன் கம்பில் ஒரு பக்கம் பங்காளி ஒருவரும் மறுபக்கம் இருதயசாமியும் தோள் கொடுத்தார்கள். இருதயசாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் தூக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளிச்சட்டியோடு அருணாச்சலம் முன்னால் நடந்தார். மேளமும் ஆட்டமும் பூவுமாகத் தருமன் தெருக்கோடியில் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினான்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பாஞ்சாலைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரப்புடவையோடு அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். வீரனின் கால் இருக்கும் நிலையில் சுடுகாடுவரை நடக்க வேண்டாம் என்று பவுல்துரை அவனை விட்டுவிட்டுப் போயிருந்தார். பந்தலில் அம்மா பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். தெருவைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். கடைசியில் எழுந்து பாஞ்சாலைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வரலாங்களா, அம்மா?"

பாஞ்சாலை அவன் கட்டியிருந்த கைகளைப் பார்த்தாள்.

"என்னைய கேக்காத," என்றாள். "போ."

வீரன் போனான். சிதறிக்கிடந்த பூவை மிதிக்காமல் ஓரமாக, சாய்ந்து சாய்ந்து நடந்தான். கோடிவரை போய் நின்றான். திரும்பிப் பார்த்துவிட்டு வந்தான். யாரும் எதுவும் கேட்காததால் மறுபடியும் போனான். மறுபடியும் வந்தான்.

மூன்றாவது தரம் அவன் கோடியில் நிற்கவில்லை. முனையில் திரும்பி, கண்ணுக்கு மறைந்தான். சின்னபொண்ணு பதறி எழுந்தாள். பாஞ்சாலை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆற்றங்கரைப் பக்கமிருந்து மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது.